அந்தரத்தில் பதினேழு பெட்டிகள்

சங்கு அலறியது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் துள்ளி எழுந்தார்கள்.

எதிரே, கேளிக்கைப் பூங்காவின் மதிலுக்கு மேல், புதிதாகக் கட்டிப் பதினொரு மாதமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ரோப் காரின் இரும்பு வடம் நகர்ந்தது. மரக்கூட்டத்தைத் தாண்டி நீலப் பெட்டி ஒன்று ஆடி ஆடி வந்தது.

“கிளம்பிட்டாய்யா ராஜாத்தி!” என்று கூவினார் தலைவர். பிழைப்புக்கு முடிவெட்டுபவர். ஆனால் அந்தப் பூங்காவின் ரசிகர் குழுவில் இருந்த நாலாயிரம் பேருக்கும் அவர்தான் தலைவர். வாரம் ஒருநாள் கடையை மூடிவிட்டு இங்கே வந்து காவல் கிடப்பார்.

லைன்மேன் மாமா தொலைநோக்கியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டார். ஆயுசில் பாதியை மின்கம்பத்தின் மேலேயே கழித்து ஓய்வுபெற்றவர். “மொத்தம் பதினேழு பெட்டி. ஆனா உள்ளே ஒரு சீட்டைக்கூடக் காணோமேய்யா!”

“நின்னுக்கிட்டே போறதா இருக்கும் மாமா. த்ரில்லுக்கு!” என்றாள் மேப் பாப்பா. பூங்காவின் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். வேலை, பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அங்கே பல்வலி என்றால் எடுபடாது என்பதால், வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பணியாளர் வாசல் திறந்து, தள்ளுவண்டி அக்கா வந்தார்.

மலை உச்சியில் பூங்காவின் ஓட்டல் இருந்தது. அங்கே சேரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வண்டியில் ஏற்றி, அடிவாரத்துச் சலவைக்கூடம் வரை தள்ளிவருவது அக்காவின் வேலை. ஒரு நாளைக்கு ஆறு நடை. சீருடையோடு விருந்தினர் கண்ணில் படும்படி உட்காரக் கூடாது என்பது பூங்காவின் விதி. அதனால் கால்மணி நேர ஓய்வுக்கு இந்த நிறுத்தத்துக்கு வருவார். தலைவர் தன் மடக்கு நாற்காலியைக் கொடுத்துவிடுவார்.

“அக்கா, ரோப் கார் ஓடுது! உள்ளே என்ன பேசிக்கிறாங்க?”

“ஓடுதா? நான் குனிஞ்சே நடக்கிறவ தம்பி. மேலே எங்கே பாக்குறது?” அக்கா வலது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்தார். “இறக்கத்துல வண்டியை இழுத்துப் பிடிச்சுப் பிடிச்சு, இது என் முட்டிதானான்னே சந்தேகமா இருக்கு.”

“இந்த வேலையை விட்டுத் தொலைங்களேன்” என்றாள் மேப் பாப்பா.

“விட்டுட்டு? பொண்ணு நர்ஸிங் படிக்கிறா. இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டா, அப்புறம் காலை நீட்டிடுவேன்.”

“உக்காந்துக்கிட்டு நீட்டும்மா. படுத்துக்கிட்டு நீட்டிடாதே” என்றார் மாமா. அக்கா சிரித்தார். சிரிக்கவும் தெம்பு வேண்டியிருந்தது.

மேப் பாப்பா காகிதத்தை விரித்தாள். “மேல் ஸ்டேஷன் ஓட்டலுக்குப் பின்னாடி. கீழ் ஸ்டேஷன் இந்தப் பணியாளர் வாசல்கிட்ட. டிக்கெட் கவுண்டர் எல்லாம் அந்தக் கோடியில இருக்கு. அப்புறம் எதுக்கு இங்கே கொண்டுவந்து இறக்குறாங்க?”

“இந்தப் பக்கம் புது வாசல் வருது. எழுதி வச்சுக்கோ” என்றார் தலைவர்.

“நீ போன தடவை சொன்ன பாதாள ரயிலையே இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்!” என்ற மாமா, மறுபடி தொலைநோக்கியைத் தூக்கினார். “எனக்கு வேற தோணுது. ரெண்டு முனையும் வேலைக்காரங்க புழங்குற இடம். சொகுசு எதுவும் இல்லை. ஏம்மா, இது உனக்குத்தான்! இனிமே மலையேற வேண்டியதில்லை.”

அக்கா முதல்முறையாக நிமிர்ந்து வடத்தைப் பார்த்தார்.

“நிசமாவா அண்ணே? வண்டி தள்ளுற பதினாலு பேரையும் நாலு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எதுக்குன்னுதான் சொல்லலை.”

“அதேதான்! எப்படி ஏறணும், எப்படி இறங்கணும்னு சொல்லிக் குடுப்பாங்க” என்று தலைவர் குதித்தார். “அக்கா, உங்க முட்டிக்கு விடிவுகாலம் வந்தாச்சு!”

“உன் வாக்கு பலிக்கட்டும்ப்பா” என்று அக்கா எழுந்தார். போகும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளவில்லை.

நாலேகாலுக்குத் தலைவர் கைப்பேசியில் நேரலையைத் தொடங்கினார். ரசிகர்கள் ஊகங்களைக் கொட்டினார்கள். நடுவழியில் பெட்டி தலைகீழாகச் சுற்றும் என்றார் ஒருவர். தரை கண்ணாடியாக இருக்கும் என்றார் இன்னொருவர். வேலைக்காரர்களுக்கு என்ற மாமாவின் ஊகத்தை ஒருவரும் சீண்டவில்லை.

ஐந்து மணிக்குப் பணியாளர் வாசல் திறந்தது. அக்கா சீருடையை மாற்றியிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

“நண்பர்களே, உள்ளேயிருந்து நேரடித் தகவல்!” தலைவர் ஓடிப்போய்க் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “சொல்லுங்கக்கா, நாலாயிரம் பேரும் காத்துக்கிட்டிருக்காங்க. முதல் பெட்டியில போறது நீங்கதானே?”

மேப் பாப்பா நாற்காலியை விரித்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை. மதிலுக்கு மேல் கடந்து போன நீலப் பெட்டி ஒன்றை நிமிர்ந்து பார்த்தார்.

“அது அழுக்குத் துணி போறதுக்குப்பா... நாங்க வீட்டுக்குப் போறோம்.”