நீளமான கிளாரினெட்

மூன்றாவது பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். பூஜாவின் நீளமான கிளாரினெட்டைக் காணோம்.

ஸ்டாண்டு மட்டும் மொட்டையாக நின்றது.

கத்தவா முடியும்? என் கையில் வயோலா. வயலினுக்கு அக்கா மாதிரி இருக்குமே, அதுதான். எதிரே மயிலாப்பூர் ஜனம் சால்வையும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்தது. வெளியே புழுங்கித் தள்ளியது, அரங்கத்துக்குள் ஏசி பல்லைக் கிட்டவைத்தது. குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். குறைத்தால் எல்லோரும் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள் என்றார் மேனேஜர்.

எங்கள் குழுவில் ஆறு பேர். தந்தி வாத்தியம் நாலு, கிளாரினெட் இரண்டு. குளிர் எங்களுக்கு ஆகவே ஆகாது. குளிரில் தந்தியின் சுருதி ஏறும், கிளாரினெட்டின் சுருதி இறங்கும். அதனால் கிளாரினெட்காரர்கள் சும்மா இருக்கும் நேரத்தில் அதை மடியில் போட்டுக்கொண்டு, அவ்வப்போது சத்தமில்லாமல் மூச்சை விட்டுச் சூடாக வைத்திருப்பார்கள்.

பூஜாவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. முதல் பாதி முழுக்க அவள் சின்ன கிளாரினெட்டில் ஓயாமல் வாசிக்க வேண்டும். பிறகு நீளமானதை எடுத்த எடுப்பிலேயே தனி வாசிப்பு. அதற்குள் அது ஸ்டாண்டில் கிடந்து ஜில்லிட்டுப் போயிருக்கும்.

போன மாதம் இதே மேடையில் அப்படித்தான் ஆனது. எடுத்தாள், ஊதினாள், சுருதி தொங்கிப்போனது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இதத் தொடவே மாட்டேன்க்கா" என்று மேடைக்குப் பின்னால் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பூஜா சொன்னால் செய்கிற பெண். தி.நகரில் அவள் அப்பாவின் ஜவுளிக்கடையில் கல்லா நாற்காலி ஒன்று அவளுக்காக ரொம்ப நாளாகக் காத்திருக்கிறது.

அவள் அழுதபோது செபஸ்தியானும் பக்கத்தில்தான் இருந்தான். அவன்தான் எங்கள் இன்னொரு கிளாரினெட். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தனி வாசிப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்ற ரோஷத்தில் அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தான்.

இன்று எனக்கும் அவளுக்கும் நடுவில், அவளுடைய ஸ்டாண்டை ஒட்டி உட்கார்ந்திருந்தவனும் அவன்தான்.

அவனுக்கு இந்தப் பகுதியில் வாசிக்க ஒன்றுமில்லை. கறுப்புக் கோட்டின் பொத்தான்களையெல்லாம் கழுத்துவரை போட்டு, கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கிளாரினெட் கால்மாட்டில் தன் ஸ்டாண்டில் நின்றது.

எடுத்து ஒளித்துவிட்டான், பாவி. எனக்கு வந்த கோபத்துக்கு வில்லாலேயே ஒன்று போட்டிருப்பேன். நிறுத்தாமல் வாசிக்க வேண்டியிருந்ததால் தப்பித்தான்.

முதல் பாதி முடிந்தது. பூஜா சின்ன கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் கையை நீட்டினாள். கை வெறும் ஸ்டாண்டில் பட்டது.

அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. பெரிய வயலின் மாதிரியான செல்லோவை வாசிக்கும் ராம்குமார், அவளுக்கு நேரம் கொடுக்கத் தன் கடைசிச் சுரத்தை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செபஸ்தியான் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினான். அக்குளில் இடுக்கியிருந்த நீளமான கிளாரினெட்டை உருவி, அவளைப் பார்க்காமலேயே நீட்டினான்.

வாங்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. சூடு தெரிந்திருக்கும்.

ஊதினாள். சுருதி கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. போன மாதம் விட்ட இடத்தைத் தாண்டி அவள் போனபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுவில் ஒரு சுரத்தை விட்டுவிட்டேன். வயோலாவில் யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்து செபஸ்தியான் அவளோடு சேர வேண்டிய இடம். குனிந்து தன்னுடையதை எடுத்து ஊதினான். தொங்கியது.

அத்தனை நேரம் ஸ்டாண்டில் கிடந்த வாத்தியம் வேறு என்ன செய்யும்? கோட்டுக்குள் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

முன்வரிசை மாமா ஒருவர் புருவத்தைத் தூக்கினார். அந்தக் குளிரிலும் செபஸ்தியானுக்குக் காதோரம் வியர்த்தது.

பூஜா உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். அவ்வளவு அழகாக நின்றுகொண்டிருந்த சுருதியைத் தானே இறக்கி, அவன் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். ராம்குமார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலை நகர்த்தினார். வயலின்கள் இறங்கின. விரல் வைக்காத தந்தியை இறக்க முடியாது, அதனால் வெறும் தந்தியைத் தொடாமலேயே நானும் இறங்கினேன். மாமாவின் புருவமும் இறங்கியது.

முடித்ததும் நல்ல கைதட்டல். எல்லோரையும் முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்தோம், சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். கடைசி உருப்படி ஒன்று பாக்கி இருக்கிறது என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? அதைச் செபஸ்தியான்தான் தனியாகத் தொடங்க வேண்டும்.

பேச்சு சங்க காலத்தைத் தாண்டுவதற்குள் செபஸ்தியான் நாற்காலிக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, என்னுத இங்கதான வெச்சேன். காணோமே, பாத்தியா?"

அவனுக்கு அந்தப் பக்கம் பூஜா, பொன்னாடையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, கையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கவில்லையே என்றேன்.