கை தெரியக்கூடாது

பழைய ஆயுதங்கள் சேகரிப்பவர்களுக்கான எங்கள் இணையக் குழுவைத் தடம் மாறாமல் நடத்துவது என் தலையெழுத்து. அரசியல், காலை வணக்கம், விற்பனை விளம்பரம் எல்லாவற்றையும் நான்தான் நீக்க வேண்டும். போதாததற்கு, ஆயுதத்தைக் கையில் பிடித்திருக்கும் படம் இன்னொன்று வந்தால் குழுவையே மூடிவிடுவோம் என்று தளத்தை நடத்தும் நிறுவனம் எச்சரித்திருந்தது. அதனால் ஒவ்வொரு படத்தையும் நான் பார்த்த பிறகுதான் வெளியிட்டோம்.

குழு உறுப்பினரான பல் டாக்டர் ஒருவர் புதிதாக வாங்கிய குத்துவாளின் படத்தை அனுப்பினார். பிடியை ஒரு கை பற்றியிருந்தது. நிராகரித்தேன். மறுபடியும் அதே கை. போனில் அழைத்தேன்.

“பல்லைப் பிடுங்கறது போதாதா டாக்டர், என் உயிரையும் வாங்கணுமா? மேஜை மேல வெச்சு எடுங்க. கை தெரியக்கூடாது.”

“மேஜை மேலதான் சார் இருக்கு. ரெண்டு கையாலயும் கேமராவைப் பிடிச்சுத்தான் எடுத்தேன். வீட்ல வேற யாரும் இல்ல.”

“கதை விடாதீங்க. அடுத்ததுலயும் கை இருந்தா உங்களைக் குழுவிலேர்ந்து தூக்கிடுவேன்.”

மாலையில் புதுப் படம் வந்தது. மேஜை, குத்துவாள், பக்கத்தில் அளவுகோல். கை இல்லை. அப்பாடா என்று வெளியிட்டேன்.

படத்தின் கீழே டாக்டர் கேட்டிருந்தார்: “அப்ப அந்தக் கை இப்ப எங்க சார் இருக்கு?”

குழுவின் நோக்கத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று அதையும் நீக்கினேன்.