பிடிபடாத குரல்

"மாசக்கணக்கா அந்த அம்மாவை இழுத்தடிக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?"

கேட்டவர் பாம்புக்காது. அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். காட்டு மிருகங்களின் சத்தங்களைச் சேர்த்துவைத்து, எது எதனுடைய குரல் என்று சொல்கிற அலுவலகம் அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டே, கத்துவது ஆண் நரியா பெண் நரியா என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அப்படிப் பேசுபவரும் பெரும்பாலும் அவர்தான்.

"என்ன சார் பண்றது, பிடிபடலையே" என்றாள் அவள், ஹெட்போனைக் கழற்றாமலே.

அந்த அம்மா வேறு யாருமில்லை, அவளுடைய மாமியார். காட்டை ஒட்டின வீட்டில் தனியாக இருக்கிறாள். பெற்ற ஒரே மகனை விபத்தில் பறிகொடுத்தவள். துக்கம் கேட்க வந்த கூட்டம் கலைந்ததும், மருமகளைப் பெட்டியும் கையுமாக பஸ் ஏற்றிவிட்டவளும் அவள்தான்.

"சின்ன வயசு உனக்கு. இந்தக் கிழவிக்குக் காவல் இருந்து என்ன ஆகப்போகுது? போய் உன் பொழப்பைப் பாரு. எங்களையே நெனச்சுக்கிட்டு இருக்காதே."

சொன்ன சொல்லில் மாமியார் நின்றாள். இவளாகப் போன் பண்ணினால், "நல்லா இருக்கேம்மா, நீ வேலையைப் பாரு" என்று வைத்துவிடுவாள். மாமியார் 'ம்' கொட்டுவது அப்படியே இவள் புருஷன் கொட்டுவது போல இருக்கும். அதைக் கேட்பதற்காவது இன்னும் ரெண்டு வார்த்தை பேசமாட்டாளா என்று இவள் ஏங்கிப் போவாள். கேட்கத்தான் வாய் வராது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மாமியாரே அழைத்தாள். வீட்டுக்குப் பின்னால் ஏதோ குரைக்கிறதாம், ஆனால் நாய் இல்லையாம். செல்போனில் பதிவு செய்து அனுப்பியும் வைத்தாள்.

"அது கேளையாடு அத்தை. மான் ஜாதிதான். பயந்தா அப்படிக் குரைக்கும்."

"அப்படியா? அப்ப சரிம்மா, வெச்சிடறேன்."

அடுத்து ஒரு ஆந்தை வந்தது. அதற்கப்புறம் ஒரு நரி. இவள் கெட்டிக்காரி, கேட்ட மாத்திரத்தில் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் போனும் வைக்கப்பட்டது.

இப்போது வந்திருக்கிற மிருகம்தான் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு பதிவு வரும், அதன் பின்னாலேயே போனும் வரும். இன்றும் வந்தது. எதிர் மேஜையில் பாம்புக்காது காதைத் தீட்டிக்கொண்டார்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன் அத்தை. நேத்தைவிட இன்னிக்குக் குரல் கம்மியிருக்கே?"

"மழையில நனைஞ்சிருக்கும்."

"நீங்க வெந்நீர் வெச்சுக் குடிங்க."

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஏம்மா, கரடியா இருக்குமோ?"

"கரடி இப்படிக் கத்தாது. சரி, அது கத்தறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"சமையக்கட்டுல."

"என்ன சமைச்சீங்க?"

"ஒருத்திக்குன்னு என்னத்தச் சமைக்கிறது? காலைல வெச்சதே கிடந்துது."

"சூடா ஏதாவது செஞ்சு சாப்பிடுங்க அத்தை. முட்டிவலி எப்படி இருக்கு?"

"அது கிடக்கு. நீ எப்படி இருக்கே? வேலை வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்காதே, என்ன?"

பாம்புக்காது தலையில் அடித்துக்கொண்டார். மிருகத்துக்கும் முட்டிவலிக்கும் என்ன சம்பந்தம்? மிருகம் நனைந்தால் மாமியார் வெந்நீர் குடிக்க வேண்டுமாம்! அங்கே ஒரு கிழவி பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள், இவள் சாவகாசமாகச் சமையல் விசாரிக்கிறாள். மாமியார்தானே என்ற இளக்காரம். வேறு என்ன?

இனி இவளை நம்பிப் பயனில்லை என்று, அந்தப் பதிவைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஊளை மாதிரி ஆரம்பித்து, உறுமல் மாதிரி போய், நடுவில் மூச்சு வாங்கி நின்றது. அவர் கேட்ட எந்த ஜென்மத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. கௌரவத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரிடமே கேட்டார். வந்த பதிலைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நாளைக்கும் அனுப்புங்க அத்தை. எப்படியும் கண்டுபிடிச்சுடலாம்."

"அவசரமில்லம்மா. மெதுவாவே கண்டுபிடி."

அவள் போனை வைத்ததுமே பாம்புக்காது பாய்ந்து வந்தார்.

"ஏம்மா, இது மிருகமே இல்ல! மனுஷக் குரல். அதுவும் பொம்பளைக் குரல். யாரோ அந்த அம்மாவை மிரட்டி வீட்டை விட்டுத் துரத்தப் பாக்கறாங்க. இது கூடத் தெரியாம கதையளந்துக்கிட்டு இருக்கே. குடு போனை, நானே அவங்களுக்குச் சொல்றேன்."

அவர் கைக்கு எட்டாமல் அவள் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"வேண்டாம் சார். சொல்லிடாதீங்க. கத்தறது எங்க அத்தைதான்."

பாம்புக்காதுக்கு ஒரு நிமிஷம் எதுவும் காதில் ஏறவில்லை.

"உங்க அத்தையா? உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும் சார்."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டா இத்தனை நாளா பிடிபடலைன்னு சொன்னே?"

"பிடிபட்டுடுச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் நாங்க ரெண்டு பேரும் எதைச் சாக்கு வெச்சு சார் பேசிக்கிறது?"