கைக்கேத்த பிடி

"இதுங்களோட பிடியை இன்னிக்கே மாத்தணும் பாய். என் குடும்பமே இதுலதான் தொங்கிட்டு இருக்கு" என்று கோல்ஃப் மட்டைப் பையைக் கவுண்டர்மேல் வைத்தான் அறிவுச்செல்வன். வைத்தவன் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

ரபீக் பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திருவண்ணாமலையில் விளையாட்டுச் சாமான் கடை போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கிரிக்கெட் பேட்டும் ஷட்டிலும் கேட்டுத்தான் ஆள் வரும். ஆனால் அதற்கு முன் துபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில் எட்டு வருஷம் பிடி மாற்றுகிற வேலைதான் பார்த்தார். அந்தப் பெருமையைக் காட்ட இன்றைக்குத்தான் ஆள் கிடைத்திருக்கிறது.

"முதல்ல உட்காருங்க சார். தண்ணி குடிங்க."

"உட்கார நேரமில்ல பாய். பௌர்ணமி கூட்டம். மத்தியானத்துக்கு மேல ரோட்டை அடைச்சுட்டா காரை எடுக்க முடியாது. நாளைக்குக் காலைல சென்னைல எங்க எம்.டி. கூட ஆட்டம்."

நின்றபடியே கதையைக் கொட்டினான். பம்புசெட் கம்பெனி ஒன்றில் கிளை மேனேஜர். எம்.டி.க்கு கோல்ஃப் என்றால் உயிர். போன மாசம் அவரோடு ஆடிய மறுநாளே இவனை மேற்கு வங்கத்துச் சிலிகுரிக்கு மாற்றும் ஆர்டர் டைப் ஆகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி, அது திங்கட்கிழமை.

"இங்க பக்கத்துல வேங்கிக்கால்ல வீடு கட்டிக் குடி போய் நாப்பது நாள்தான் ஆவுது. என் வொய்ஃபு தென்றலுக்கு அங்கயே கவர்ன்மென்ட் ஆபீஸ்ல வேலை. விட்டுட்டு எப்படிப் போறது? நாளைக்கு ஆட்டத்தைப் பாத்து அவரு மனசு மாறினா உண்டு."

"கவலைய விடுங்க. கோல்ஃப் பைத்தியம்னா நல்லா ஆடுறவனை விடவே மாட்டாங்க" என்றார் ரபீக். அறிவுச்செல்வன் வாட்சைப் பார்த்தான்.

ரபீக் இன்ச் டேப்பை எடுத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தார். "ஏழே முக்கால். உங்களுக்கு நடு சைஸுதான் சார். பிடிச்சா விரல் நுனி உள்ளங்கையை லேசாத் தொடணும், அதான் கணக்கு. தடிமன் கம்மியானா பந்து இடது பக்கம் ஓடும். ஜாஸ்தியானா வலது பக்கம் போவும்."

போன் அடித்தது. "பாத்துட்டுதான்மா இருக்கேன்... இன்னும் முடிவாகல தென்றல்... நீ சாமிக்கு வேண்டிக்கோ" என்று வைத்தான். பாவம், கை வேர்த்ததில் போனும் ஈரமாகிவிட்டது.

"வேர்க்கிற கைக்கு நூல் கலந்த பிடி இருக்கு. சொரசொரன்னு இருக்கும், வழுக்காது."

"வழவழன்னு இருக்கிறதே போதும் பாய்."

வேர்க்கிற கைக்கு வழவழப்பா? சொல் பேச்சு கேட்காத ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் ரபீக். இருந்தாலும் தொழில் தொழில்தான். கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். மூன்று சைஸ் பிடி போட்ட மூன்று பழைய மட்டைகள், எதிரே ஒரு வலை, வலையின் நடுவில் சிவப்பு வட்டம்.

நடு சைஸை எடுத்து அடித்தான். பந்து வட்டத்தின் மத்தியில் போய் மோதியது. இன்னொன்று அடித்தான், அதுவும் அங்கேயே. "மாஷா அல்லா" என்றார் ரபீக். அறிவுச்செல்வனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"என்னா சார், நல்லாத்தானே போவுது?"

"அதைத் தொட்டாலே கை தானா ஓடுது பாய். நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது. போன தடவையும் இப்படித்தான், நான் நினைச்சது ஒண்ணு, கை பண்ணது ஒண்ணு. அதான் பிடியையே மாத்திடலாம்னு வந்தேன்."

அடுத்து மெல்லிய பிடி. பந்து கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தாலும் வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. "ம்ஹூம், இதுவும் சரிப்படாது" என்று நகத்தைக் கடித்தான்.

மூன்றாவதை எடுத்தபோது ரபீக் தடுத்தார். "அது உலக்கை மாதிரி இருக்கும் சார். ஏழடி ஆளுங்க பிடிக்கிறது. உங்க கைக்கு மணிக்கட்டே திரும்பாது."

கேட்டால்தானே. ஓங்கி அடித்தான். பந்து வலது பக்கமாகப் பிய்த்துக்கொண்டு, வலையைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தண்ணி டிரம்மில் டொம்மென்று விழுந்தது. "எவன்டா அது?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. அடுத்த பந்து, கொடியில் காய்ந்த ரபீக்கின் சட்டையைச் சுருட்டிக்கொண்டு போனது.

வந்ததிலிருந்து முதல் தடவையாக அறிவுச்செல்வன் சிரித்தான். "இதையே போட்டுடுங்க பாய். எல்லா மட்டைக்கும்."

ரபீக்குக்குக் கோபமே வந்துவிட்டது. "எட்டு வருஷம் இதே வேலை பாத்தவன் சொல்றேன், கேளுங்க சார். நாளைக்கு ஒரு பந்து உருப்படியாப் போவாது. இதைப் போட்டு அனுப்பினா சிலிகுரிக்கு நானே டிக்கெட் எடுத்துக் குடுத்த மாதிரி. இதை வெச்சுகிட்டு எப்படி ஜெயிப்பீங்க?"

அறிவுச்செல்வன் நிதானமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டு வாங்கி, முழுச் சொம்பையும் குடித்து முடித்தான்.

"போன தடவை ஜெயிச்சுட்டேன் பாய்."