ரிபன் வெட்டாத கக்கூசு

"பூட்டை ஆர் உடைச்சது?"

வாகனத்தால் இறங்கியதும் இறங்காததுமாக எமில் கத்தினார். புதுக் கக்கூசின் கதவில் தொங்கவேண்டிய பூட்டு உடைந்து நிலத்தில் கிடந்தது.

"நான்தான் உடைச்சனான்," என்றாள் சிவலட்சுமி.

திறப்பு விழாவுக்குக் கூடியிருந்த சனம் உச்சுக் கொட்டியது. இவ்வளவு காலம் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க முடியவில்லையாம்!

எமில் மன்னார் ரவுனில் சின்னதாக ஒரு கட்டுமானக் கொம்பனி வைத்திருப்பவர். மதிலும் மதகும் கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதர். சண்டை முடிந்து ஊரெல்லாம் றோட்டுப் போடத் தொடங்கியதும், கொழும்பில் ஒரு பெரிய கொம்பனியிடம் துணை ஒப்பந்தம் கேட்டுப் போனார்.

"உங்கள் நிறுவனம் சமூகத்துக்கு என்ன செய்திருக்கிறது?" என்று அங்கே கேட்டுவிட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்ததுதான் அவருக்கு இந்தச் சமூகப் பொறுப்பு. மலேரியா பிடிக்கிற மாதிரி, திடீரென்று.

அடம்பனுக்கு அங்காலே, மீளக்குடியேறிய ஊரில், தறப்பாள் கொட்டிலில் இருந்த விதவை சிவலட்சுமி அவர் கண்ணில் பட்டாள். ஒரு கக்கூசு கட்டிக் கொடுத்தார். ஒன்றே ஒன்று. சுவரில் பதித்த கருங்கல் பெயர்ப்பலகை கதவைவிட அகலம். உள்ளே ஆள் திரும்ப இடமில்லை. வெளியே கொம்பனியின் பெயர் மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது.

கட்டி முடித்துக் கனநாள். ஆனால், அந்தக் கொழும்புக் கொம்பனி மனேஜர் வந்து ரிபன் வெட்டிப் படம் எடுக்கும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாதென்று பூட்டைப் போட்டு, அதன் திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார் எமில். மனேஜர் ஒவ்வொரு கிழமையும் "அடுத்த கிழமை" என்றார்.

சிவலட்சுமியின் மகள் யதுர்சிகா நிறைமாதக்காரி. பின்வளவுக்கு அப்பால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை. அதனால் அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பூட்டிய புதுக் கக்கூசைத் தாண்டி, குளக்கட்டுப் பற்றைக்குப் போய்வந்தாள். தருமம் செய்கிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

"கதவில கீறல் வேற!" எமில் தலையில் அடித்துக்கொண்டார். "மனேஜர் பார்த்தா என்ன நினைப்பார்?"

ஊர்ச் சங்கத் தலைவர் இரத்தினம் தன் பங்குக்கு வந்தார். "ஏன் தங்கச்சி, எங்களுக்கும் கட்டித் தருவினம் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறம். எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீரே!"

எமிலின் மனைவி அன்ரோனெற், ஊர்ச்சனம் கூடுமுன்னமே வந்து பலூன் கட்டி, கேக்கும் பற்றிசும் அடுக்கி வைத்தவள். பட்டுச் சேலையோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தபடி சொன்னாள்:

"நான் முதலே சொன்னனான். இதுகளுக்கு நல்லதைக் குடுத்தா வைச்சிருக்கத் தெரியாது."

சிவலட்சுமி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அன்ரோனெற் பற்றிசில் மொய்த்த ஈயைக் கலைக்கத் தொடங்கினாள்.

"அம்மா, வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!" கொட்டில் வாசலில் நின்ற யதுர்சிகாவுக்குக் கண் கலங்கியது.

"நீ சும்மா இரு பிள்ளை."

எமில் மைக்கைக் காட்டினார். "எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேளும். இல்லாட்டி, ரிபன் வெட்டினாலும் திறப்பு உமக்கு வராது. கதவையே கழட்டிக்கொண்டு போயிடுவன்."

சிவலட்சுமி மகளின் வயிற்றைப் பார்த்தாள். இன்றோ நாளையோ என்றிருக்கிற வயிறு. போய் மைக்கைப் பிடித்தாள்.

"நான்தான் உடைச்சனான். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சனம் கை தட்டியது. எதற்குத் தட்டியதென்று அதற்கே தெரியாது. எமில் மைக்கை வாங்கி, பொறுமை என்றால் என்ன, நன்றி என்றால் என்ன என்று நீட்டி முழக்கினார். தன் பேச்சில் தானே உருகியும் போனார். பிறகு வாகனத்திலிருந்து புதுப் பூட்டொன்றை எடுத்துவந்து பூட்டி, கீறலை மறைத்து ரிபனைக் கட்டினார்.

அந்த நேரம் பார்த்து மனேஜர் போன் எடுத்தார். வாகனம் வழியில் மதவாச்சியில் பழுதாகி நின்றுவிட்டதாம். வந்துசேர மத்தியானம் தாண்டுமாம்.

"பரவாயில்லை சேர், எவ்வளவு நேரம் எண்டாலும் நாங்கள் பொறுப்பம்," என்றார் எமில். எல்லோருக்கும் இன்னொரு சுற்றுச் சோடா கொடுக்கச் சொன்னார்.

சிவலட்சுமி கொட்டிலுக்குப் பின்னால் போய் அடுப்பை மூட்டினாள். உலை கொதிக்கிற நேரம் யாரோ தோளைத் தொட்டார்கள்.

அன்ரோனெற். முகமெல்லாம் வேர்வை. பட்டுச் சேலையை அடிவயிற்றோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, எனக்குச் சீனி வருத்தம், அடக்கேலாமக் கிடக்கு. இவரிட்டத் திறப்புக் கேட்டா, மனேஜர் வரட்டும் எண்டுறார். காலமை எனக்காகப் பூட்டை உடைச்ச மாதிரி, இன்னொருக்கா உடைச்சு விடுங்கோவன்!"