பாரோமீட்டர் இருக்குமிடம்

காலேஜ் பௌதிகப் பேராசிரியரின் அறையில் ஜூன் மாத வெயில் மேஜைவரை வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்டர்மீடியட் சயன்ஸ் வகுப்பில் ஒரே ஓர் இடம் பாக்கி. கேட்டு வந்திருப்பவர்கள் இருவர்: இலுப்பூரில் உழுது பிழைக்கும் சம்சாரியின் மகன் சேவுகன், திருக்கோகர்ணம் வக்கீல் மகன் தேசிகன். பேராசிரியர் பாரோமீட்டரைப் பற்றிக் கேட்கிறார். சேவுகன் கைகட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிக் குழாய், பாதரசம், காற்றின் அழுத்தம் என்று முழுப் பாடத்தையும் இங்கிலீஷில் ஒரு காற்புள்ளி சிந்தாமல் ஒப்பிக்கிறான். "பேஷ். அது எங்கே இருக்கு, காட்டு." "எட்டாம் பாடத்துலங்க. எடது பக்கம், மேல." தேசிகன் சட்டைக் காலரைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்க்கிறான். "உன் முதுகுக்குப் பின்னாடி தொங்கறதுடா! எங்காத்து ஹால்லகூட ஒண்ணு இருக்கு சார். அதைப் பாத்துட்டுத்தான் அப்பா குடை எடுப்பார்." சேவுகன் திரும்புகிறான். சுவரில் அரை ஆள் உயரத்துக்கு ஒரு குழாய். உள்ளே பாதரசம் வெயில் பட்டு மின்னுகிறது. புத்தகத்தில் அது சுண்டுவிரல் அளவுதான். பேராசிரியர் தேசிகனின் பெயரை எழுதிக்கொள்கிறார். "நீ ஹிஸ்டரி எடுத்துக்கோப்பா. அதுல எதையும் காட்டச் சொல்ல மாட்டாங்க." "சரிங்க." வாசல்வரை போன சேவுகன் நிற்கிறான். "அத ஒருதரம் தொட்டுப் பாத்துக்கிறட்டுங்களா?" பேராசிரியர் பேனாவை மூடுகிறார். "தொடுறதெல்லாம் சயன்ஸ் பையன்களுக்குத்தான்."