சர்க்கரைப் போர்வை

டொரன்டோவில், சமையலறை ஜன்னல் வழியே காலை வெயில் பெரிய தாம்பாளத்தின் மேல் விழுகிறது. ஃபோதினியின் அம்மா ஸ்டமாத்தியா இறந்து இன்று நாற்பதாம் நாள். அம்மா பெயரில் தேவாலயத்தில் படைத்து எல்லாருக்கும் பகிர, அவித்த கோதுமையைக் குவித்து, பொடித்த சர்க்கரையால் மூடி, மெழுகுத்தாள் வைத்து அழுத்துகிறாள் ஃபோதினி. கோதுமை சரியாக உலரவில்லை. சர்க்கரையின் வெண்மையில் பழுப்பாக ஈரம் கசிகிறது. “இன்னும் போடுடி, எல்லாரும் பாப்பாங்க,” என்கிறாள் சித்தி எவாந்தியா. “உங்கம்மா, கிரீஸ்லேருந்து கப்பல்ல வந்து, காலமெல்லாம் ஓட்டல்ல தட்டு கழுவினவ. காபிக்கு ஒரு கரண்டி சர்க்கரை கேட்டா போலீஸ்காரி மாதிரி புடுங்குவியே!” “டாக்டர் சொன்னாரு சித்தி.” “ஆமா, பெரிய டாக்டர்!” அலங்கரிக்க வெள்ளி பூசிய பாதாமோடு காத்திருக்கும் ஃபோதினியின் மகள் மெல்லச் சொல்கிறாள்: “பாட்டி மெத்தைக்கு அடியில மிட்டாய் வச்சிருந்தாங்கம்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க.” சித்தி சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. ஈரம் இன்னோர் இடத்திலும் தெரிகிறது. ஃபோதினி பையைக் கவிழ்த்து, மிச்சமிருந்த சர்க்கரை முழுவதையும் கொட்டுகிறாள். வெண்தூள் வெயிலில் எழும்பி அவள் புருவங்களில் படிகிறது. “சாப்பிடும்மா,” என்கிறாள், இல்லாத அம்மாவிடம். அதட்டுகிற குரல்தான் வருகிறது.